காரின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் மைக்கறை: கறையும் போக வேண்டும், பிளாஸ்டிக்கும் பிழைக்க வேண்டும்

சித்திரை வெயிலில் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே நான்கு மணி நேரம் காரை நிறுத்தியிருந்தோம். மொய்க்கவரில் பெயர் எழுதிய பால்பாயிண்ட் பேனாவை யாரோ டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது பேனா நுனியிலிருந்து நீல மை கசிந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு டாஷ்போர்டில் திட்டாக நின்றது. கொஞ்சம் வழிந்து, ஏசி காற்று வரும் துளையைச் சுற்றியிருந்த பளபளப்பான சட்டத்திலும் இறங்கியிருந்தது.

பதற்றத்தில் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். நாணயம் அளவு கறை உள்ளங்கை அளவு ஆனது. வீட்டுக்கு வந்ததும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அந்தச் சட்டத்தைத் துடைத்தேன். மை ஒரே நொடியில் போய்விட்டது. கூடவே சட்டத்தின் பளபளப்பும் போய், பால் சிந்திக் காய்ந்தது போல வெளுத்த தழும்பு விழுந்தது. டாஷ்போர்டில் இருந்த மையைப் பிறகு பொறுமையாக எடுத்துவிட முடிந்தது. அந்தத் தழும்பை எடுக்க இன்றுவரை வழியில்லை. மை செய்ததைவிட நான் செய்த சேதமே பெரிது. அதன் பிறகு உறவினர் கார்கள், தெரிந்தவர்களின் பள்ளி வேன்கள் என்று பலவற்றில் இதே வேலையைச் செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் சில நிமிடங்கள்

மை இன்னும் ஈரமாக இருந்தால் தேய்க்கவே கூடாது. டிஷ்யூ தாளையோ வெள்ளைப் பருத்தித் துணியையோ கறையின் மேல் வைத்து, மெல்ல அழுத்தி, நேராகத் தூக்குங்கள். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடியும் அதையே செய்யுங்கள். துணியில் மை ஏறுவது நிற்கும்வரை இது தொடர வேண்டும். இதிலேயே பாதி மை வெளியே வந்துவிடும். எந்தத் திரவமும் இல்லாமல் வருகிற அந்தப் பாதிதான் இருப்பதிலேயே சுலபமான பாதி.

அடுத்து, காரை நிழலுக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் நிற்கும் மூடிய காரில் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் ஸ்பிரிட்டை, அதாவது ஆல்கஹால் திரவத்தை, தொட்டு வைத்தால் மையைக் கரைப்பதற்கு முன்பே அது ஆவியாகிவிடும். கரைந்த கொஞ்சமும் விளிம்பில் வளையமாகக் காய்ந்து நிற்கும். கதவுகளைத் திறந்து போட்டு, பிளாஸ்டிக்கைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியாத நிலை வரும்வரை காத்திருங்கள். காலை ஏழு மணிக்கு இந்த வேலையை வைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பும் தேவைப்படாது.

எந்த மை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எல்லா மையும் ஒன்றல்ல. குழந்தைகளின் ஸ்கெட்ச் பேனா பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம். அதற்குச் சோப்புத் தண்ணீரே போதும். ஊற்றுப் பேனா மையும் தண்ணீர் சார்ந்ததுதான். உடனே கவனித்தால் ஈரத்துணியிலேயே வந்துவிடும்.

பால்பாயிண்ட் பேனாவின் மை பசை போன்றது. சாயத்தை மெதுவாக உலரும் கரைப்பான்களிலும் பிசினிலும் கலந்து செய்திருப்பார்கள். தண்ணீர் இதைத் தொடக்கூடச் செய்யாது. ஆல்கஹால் நன்றாகக் கரைக்கும். பர்மனென்ட் மார்க்கரும் அப்படியே. அதன் மையில் இருக்கும் கரைப்பானே ஒருவகை ஆல்கஹால்தான். அது ஆவியானதும் பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டிவிடுகிறது. மறுபடி ஆல்கஹால் பட்டால் பிசின் இளகும். பெயரில் இருக்கும் ‘பர்மனென்ட்’ என்ற சொல்லைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

தொல்லை கொடுப்பது ஜெல் பேனா. அதன் மை தண்ணீர் சார்ந்தது. ஆனால் பல ஜெல் பேனாக்களில் நிறம் தருவது கரையும் சாயம் அல்ல, மிக நுண்ணிய நிறமித் துகள்கள். துகளை எந்த ஆல்கஹாலும் கரைக்காது. சோப்பை வைத்து அதைத் தளர்த்தி, சொரசொரப்பின் பள்ளங்களிலிருந்து மென்மையான பிரஷ்ஷால் கிளப்பித்தான் எடுக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டும் ஒரு கறை அசையவில்லை என்றால், அது ஜெல் பேனாவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

மை என்னவென்று தெரியாவிட்டால், பஞ்சுக்குச்சியின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை ஸ்பிரிட்டிலும் நனைத்து, கறையின் ஓரத்தில் வேறு வேறு இடத்தில் தொட்டுப் பாருங்கள். எந்த முனையில் நிறம் ஏறுகிறதோ அதுவே பதில்.

எந்தப் பிளாஸ்டிக் என்பது அதைவிட முக்கியம்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் அந்தச் சட்டத்தைக் கெடுத்தேன். காருக்குள் பிளாஸ்டிக் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது நான்கைந்து வேறு வேறு பொருட்கள்.

கதவின் உட்பலகை, கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களின் உறை, சிறிய கார்களின் கடினமான டாஷ்போர்டு ஆகியவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலின். மேலே தோல் போன்ற சொரசொரப்பு இருக்கும். இது ரசாயனங்களை நன்றாகத் தாங்கும். சுவிட்சுகளைச் சுற்றிய சட்டங்கள், நடுக் கன்சோலின் மேல்தகடு, பளபளக்கும் கறுப்புப் பகுதிகள் எல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ் வகை. இதற்கு ஆல்கஹால் சிறிது நேரம் பட்டால் பாதகமில்லை. அசிட்டோன் பட்டால் மேற்பரப்பே கரையும். நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது அசிட்டோன்தான். ஸ்பீடோமீட்டரின் முன்னால் இருக்கும் கண்ணாடி உண்மையில் கண்ணாடி அல்ல, தெளிந்த அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் தலைமுடி போன்ற நுண்ணிய விரிசல்கள் ஓடக்கூடும். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் கொண்டுபோகாதீர்கள். தொடுதிரைக்கும் இதே கட்டுப்பாடுதான்.

விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் டாஷ்போர்டுகளில் மேல்தோல் பிவிசியாகவோ அதைப் போன்ற மென்மையான பொருளாகவோ இருக்கும். பிவிசியை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மைச் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாள் ஆக ஆகவும், வெயில் ஏற ஏறவும் சாயம் ஆழத்துக்கு இறங்கும். இப்படிப்பட்ட காரில் மைக்கறையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொரு வகை இருக்கிறது: கடினமான பிளாஸ்டிக்தான், ஆனால் தொட்டால் ரப்பர் போல, வெல்வெட் போல இருக்கும். அது மேலே அடித்த மெல்லிய பூச்சு. பழையதானால் பிசுபிசுக்கும். இந்தப் பூச்சை ஆல்கஹால் அப்படியே உரித்துவிடும். பிசுபிசுப்பு வந்த பூச்சை முழுவதுமாக எடுப்பதற்கே சிலர் ஆல்கஹாலைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே விழுந்த கறைக்குச் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எது எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதில்லை. கழற்ற முடிகிற பாகமாக இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவில் பிபி (பாலிபுரோப்பிலின்), ஏபிஎஸ், பிவிசி என்று ஆங்கில எழுத்துகள் அச்சில் வார்த்திருக்கும். கழற்ற முடியாவிட்டால் கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். கறை பட்ட அதே பாகத்தின் கீழ்விளிம்பு இதற்கு ஏற்றது. பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு அங்கே பத்து நொடி வைத்து, துடைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பஞ்சில் பிளாஸ்டிக்கின் நிறமே ஏறியிருந்தாலோ, அந்த இடம் பிசுபிசுத்தாலோ, பளபளப்பு மாறியிருந்தாலோ அந்தத் திரவம் உங்கள் காருக்கு ஆகாது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

மருந்துக் கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் கிடைக்கும். அதைவிடச் சுத்தமானது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் பழுதுபார்க்கும் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் தெரியும், சர்க்யூட் பலகையைத் துடைக்க அவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். 70 சதவீதம், 99 சதவீதம் என்று இரண்டு வகை உண்டு. 70-ல் தண்ணீர் இருப்பதால் மெதுவாக ஆவியாகும், பிளாஸ்டிக்கிடம் மென்மையாக நடந்துகொள்ளும், அதில் தொடங்குங்கள். மார்க்கர் அசையாவிட்டால் மட்டும் 99-க்குப் போங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கொரோனா காலத்தில் வாங்கிய சானிட்டைசர் ஜெல் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் பெரும்பங்கு ஆல்கஹால்தான். கதவுப் பலகை போலச் செங்குத்தான இடத்தில் வழியாமல் நிற்பதால் சில நேரம் ஸ்பிரிட்டைவிட அதுவே வசதி.

துணி கண்டிப்பாக வெள்ளையாக இருக்க வேண்டும். வண்ணத் துணியின் சாயத்தையும் ஸ்பிரிட் கரைத்துப் பிளாஸ்டிக்கில் ஏற்றிவிடும். மை வருகிறதா என்பதும் தெரியாது. பழைய வெள்ளை பனியனைக் கிழித்து வைத்துக்கொள்வதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. இவற்றோடு பஞ்சுக்குச்சிகள், மிக மென்மையான பழைய பல்துலக்கி, பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், கைக்கு ரப்பர் உறை.

துடைக்கும் முறை

எப்போதும் சோப்புத் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுத் திரவத்தைக் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கறையும் அதைச் சுற்றிய இடமும் துடையுங்கள். மேலே படிந்திருக்கும் தூசி, கை எண்ணெய், டாஷ்போர்டு பாலிஷ் எல்லாம் இதில் போய்விடும். பாலிஷ் பூசிய பரப்பாக இருந்தால் மையில் ஒரு பகுதியும் அந்தப் படலத்தோடு சேர்ந்து வந்துவிடும். துடைத்த பிறகு உலர விடுங்கள்.

இனி ஸ்பிரிட். அதை நேராகப் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள், தெளிக்கவும் வேண்டாம். துணியில்தான் நனைக்க வேண்டும். அழுத்தினால் சொட்டாத அளவுக்கு மட்டும் ஈரம் போதும். அந்தத் துணியைக் கறையின் மேல் வைத்து ஐந்து முதல் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மை இளகித் துணிக்கு ஏற இந்த நேரம் வேண்டும். பிறகு நேராகத் தூக்குங்கள். துணியில் நீலமோ கறுப்போ பதிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பக்கத்தை மறுபடி கறையில் வைக்கக் கூடாது. எடுத்த மையையே திரும்பப் பூசுவதாகிவிடும். சுத்தமான பக்கத்தை மடித்து, மறுபடி நனைத்து, மறுபடி ஒற்றுங்கள்.

துடைக்க வேண்டியிருந்தால் கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கியே துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் கறை பெரிதாகும். மதுரையில் என் கைக்குட்டை செய்தது அதைத்தான். கோடாக விழுந்த பேனாக் கீறலுக்குத் துணி வேண்டாம், பஞ்சுக்குச்சி போதும். கோட்டின் மேலேயே உருட்டிக்கொண்டு போனால் மை பக்கவாட்டில் பரவாது.

நான்கைந்து முறை ஒற்றியதும் நிறுத்திவிட்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கு இந்த ஓய்வு தேவை. உலர்ந்த பிறகுதான் உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியும்; ஈரமாக இருக்கும்போது கறை போய்விட்டது போலத் தோன்றி ஏமாற்றும். பெரிய கறைக்கு இப்படி ஐந்தாறு சுற்று ஆகலாம். எங்கள் டாஷ்போர்டுக்கு ஒரு முழு மாலைப்பொழுது ஆனது.

கடைசியில் சொரசொரப்பின் பள்ளங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக மை நிற்கும். அப்போது பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தொட்டு, உதறி, சின்னச் சின்ன வட்டமாக இரண்டு மூன்று நொடி ஓட்டுங்கள். உடனே மறுகையில் இருக்கும் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஜெல் பேனாவாக இருந்தால் ஸ்பிரிட்டுக்குப் பதில் சோப்புத் திரவத்தை நீர்க்காமல் ஒரு சொட்டு வைத்து இதே போலச் செய்யுங்கள்.

சானிட்டைசர் ஜெல் என்றால் கறையின் மேல் மட்டும் பூசி, அரை நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். ஊறட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். நெடுநேரம் தங்கினால் சில பரப்புகளில் வெளுத்த திட்டு விழும்.

பழைய, ஊறிப்போன கறைக்கு

நெடுநாள் காய்ந்த பர்மனென்ட் மார்க்கருக்கு வகுப்பறை வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கர் கைகொடுக்கும். பழைய கோட்டின் மேலேயே அதனால் எழுதி, காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வரும். புது மையில் இருக்கும் கரைப்பான் பழைய பிசினை இளக்குகிறது. எளிதில் உரிவதற்காக அதில் சேர்த்திருக்கும் பொருள் மீண்டும் ஒட்டவிடாமல் தடுக்கிறது. வழவழப்பான பரப்பில் இது நன்றாக வேலை செய்யும். சொரசொரப்பில் முயன்றால் புது மையும் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும்; அங்கே வேண்டாம்.

மேஜிக் ஸ்பாஞ்ச் என்ற பெயரில் விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு மையை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது ரசாயனத்தால் எடுப்பதில்லை. மிக நுண்ணிய உப்புத்தாள் போலச் சுரண்டி எடுக்கிறது. பளபளப்பான பகுதியில் மங்கல் விழும், மங்கலான பகுதியில் பளபளப்பு விழும். மற்ற எதற்கும் மசியாத சிறிய புள்ளிக்கு மட்டும், ஈரப்படுத்தி, அழுத்தம் கொடுக்காமல் பயன்படுத்தலாம். பற்பசையைப் பரிந்துரைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுவும் சுரண்டும் பொருள்தான், அதுவும் அளவு தெரியாத சுரண்டல். நான் அதைத் தொடுவதில்லை.

வெளிர் நிற பிவிசி தோலுக்குள் இறங்கிவிட்ட சாயத்தை எந்தத் துடைப்பும் எடுக்காது. பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முகப்பருவுக்கு மருந்துக் கடையில் விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையின் மேல் மட்டும் பூசி, வெயில் படும்படி சில மணி நேரம் வைப்பது. அது சாயத்தை மெல்ல வெளுக்கச் செய்யும். பொறுமை வேண்டும், பல முறை செய்ய வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கின் சொந்த நிறத்தையும் வெளுக்கும் ஆபத்து உண்டு என்பதால் கறுப்பு, சாம்பல் நிறங்களில் கூடவே கூடாது. இருக்கை உறையிலோ சட்டையிலோ பட்டால் அங்கேயும் வெளுப்பு விழும்.

ஆபத்துகள்

ஸ்பிரிட்டின் ஆவி தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் காரின் தரைப்பகுதியில் தங்கும். நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, எஞ்சினை அணைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். நம் ஊரில் டாஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி வைக்கும் வழக்கம் உண்டு. அன்றைக்கு வேலை முடிந்து, ஆவி முழுவதும் வெளியேறும்வரை அதை ஏற்ற வேண்டாம். சிகரெட்டுக்கும் அதுவே.

பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்பவர்கள் எல்லா மெக்கானிக் கடையிலும் இருப்பார்கள். தீ அபாயம் ஒருபுறம் இருக்க, மென்மையான பிளாஸ்டிக்கை அது உப்பச் செய்யும், வாடையும் எளிதில் போகாது. பெயின்ட் தின்னரைக் காருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பிளீச்சிங் திரவம் பால்பாயிண்ட் மையைக் கரைக்காது. அது இருக்கும் இடத்தில் ஸ்பிரிட் சேர்ந்தால் நச்சுப் பொருட்கள் உருவாகும்.

ஏர்பேக் இருக்கும் இடங்களில், அதாவது ஸ்டீயரிங்கின் நடுவிலும் முன் பயணியின் எதிரே உள்ள டாஷ்போர்டிலும், மூடியின் இணைப்புக் கோட்டுக்குள் திரவம் இறங்கவே கூடாது. கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளின் இடுக்கிலும் அப்படித்தான். அங்கெல்லாம் பஞ்சுக்குச்சி மட்டும், அதுவும் பாதி ஈரத்தில்.

முடித்த பிறகு

கடைசிச் சுற்று முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் ஒரு முறையும் வெறும் தண்ணீரால் ஒரு முறையும் துடைத்து உலர விடுங்கள். துடைத்த இடம் மற்ற இடங்களைவிடச் சற்று வறண்டு, வெளிறித் தெரியும். பெரும்பாலும் அது சேதம் அல்ல. பல வருட பாலிஷும் எண்ணெயும் அங்கே மட்டும் போயிருப்பதால் வரும் வித்தியாசம். முழுப் பாகத்தையும் ஒரே சீராகக் கழுவி, மறுநாள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பளபளப்பு குறைவான டாஷ்போர்டு பாலிஷை மெல்லப் பூசினால் சமமாகிவிடும். மிகவும் மினுங்கும் பாலிஷ் வேண்டாம். வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலான நிழல் ஒன்று எஞ்சினால் அங்கேயே நிறுத்துங்கள். மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது; சுரண்டிய தழும்பு தெரியும். சின்னச் சட்டமாக இருந்தால் உதிரிபாகக் கடையில் அந்தப் பாகம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கதவுப் பலகையை நீங்களே கழற்றப் பார்க்காதீர்கள். பின்னால் பிடித்திருக்கும் கிளிப்புகள் பழகாத கையில் எளிதில் உடையும்.

பேனாவை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் பால்பாயிண்ட் மை இளகி, நுனிக் குண்டைச் சுற்றி வழிந்துவிடும். எங்கள் காரில் இப்போது ஒரே ஒரு பேனாதான் இருக்கிறது. அதுவும் மூடி போட்டு, நுனி மேலே பார்க்கும்படி, ஜிப் வைத்த சின்னப் பையில், வெயில் படாத கிளவ் பாக்ஸின் அடியில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகும்போது மொய்க்கவரில் வீட்டிலேயே பெயர் எழுதிக்கொண்டு கிளம்புகிறோம்.